சில்லறை இல்லாத பணம் சுழலாது

புழக்கத்தில் உள்ள பணத்தை அது ஆண்டுக்குக் கைமாறும் தடவைகளால் பெருக்கினால், அந்த ஆண்டு நடந்த விற்பனையின் மொத்த மதிப்பு வரும். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1911-ல் பிரபலமாக்கிய சமன்பாடு இது. 2016 மார்ச் இறுதியில் இந்தியாவில் புழங்கிய நோட்டுகள் சுமார் 16.4 லட்சம் கோடி ரூபாய். விற்பனை மதிப்புக்குப் பதிலாக அந்த நிதியாண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை எடுத்தால், அது சுமார் 137 லட்சம் கோடி. வகுத்தால் எட்டுக்குச் சற்று மேல், அதாவது ஒரு ரூபாய் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டுத் தடவை கைமாறியது; இதுதான் பணம் சுழலும் வேகம். தோராயக் கணக்குதான், காசோலையிலும் வங்கிக் கணக்கு வழியாகவும் நடந்ததெல்லாம் இதில் கலந்திருக்கிறது.

இந்த வேகத்தை வட்டி விகிதமும் விலைவாசியும் தீர்மானிக்கும் என்பார்கள். சரிதான். ஆனால் நோட்டுகளின் மதிப்பு வரிசைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. 10, 20, 50, 100 என்று ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல இரண்டு அல்லது இரண்டரை மடங்காக இருந்தால், மீதி கொடுக்க இரண்டு மூன்று நோட்டு போதும்.

2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் போனது. பதிலுக்கு முதலில் பரவலாக வந்தது 2000. புதிய 500 மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. ஆக 100-க்கு அடுத்த படி 2000. இடைவெளி இருபது மடங்கு. 300 ரூபாய்க்கு மளிகை வாங்கி 2000 நீட்டினால், கடைக்காரர் பதினேழு நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். இப்படி நாலு பேர் வந்தால் கல்லா காலி. ஐந்தாவது ஆளிடம் பணம் இருக்கும், வியாபாரம் நடக்காது. நூறு கிடைத்தவர்களும் அதை வெளியே விடாமல் பத்திரப்படுத்தினார்கள். தட்டுப்பாட்டுக்குப் பயந்து பதுக்கியதால் நூறு கைமாறுவது குறைந்தது; அதனாலேயே தட்டுப்பாடு இன்னும் முற்றியது.

ஏடிஎம்மிலும் சிக்கல். பழைய 500-ன் அளவு 167 × 73 மி.மீ.; புதியது 150 × 66. இயந்திரத்துக்குள் நோட்டு அடுக்கும் பெட்டி குறிப்பிட்ட அளவுக்கெனப் பொருத்தப்பட்டது. அளவு மாறினால் பெட்டியையும் மென்பொருளையும் சரிசெய்ய ஆள் நேரில் போயாக வேண்டும். நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள்!

மறுபக்கம் வங்கிகளில் பணம் குவிந்து கிடந்தது. செப்டம்பர் 16 முதல் நவம்பர் 11 வரை கூடிய வைப்புத்தொகையை முழுசாகத் தன்னிடம் ஒதுக்கி வைக்கும்படி நவம்பர் 26 அன்று ரிசர்வ் வங்கி தற்காலிக உத்தரவே போட்டது. கணக்கில் இருப்பு ஏறியது, ஆனால் சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை; தொழில் நடத்துவோரின் நடப்புக் கணக்குக்கும் வாரத்துக்கு 50,000 என்று வரம்பு இருந்தது. கூலியை ரொக்கமாகத் தரும் தொழில்கள் முதலில் தடுமாறியது இதனால்தான்.

2017 ஆகஸ்ட் 25 அன்று 200 ரூபாய் நோட்டு வந்து 100-க்கும் 500-க்கும் இடையிலான படியை நிரப்பியது. 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அப்போது புழங்கியது 3.56 லட்சம் கோடி, சின்னத் தொகை இல்லை. ஆனால் அது மொத்த மதிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலும் அவ்வளவாகத் தென்படாத நோட்டு. மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசமும் இருந்தது. கடைத்தெரு வியாபாரம் வழக்கம்போல நடந்தது.