ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தப் பாடம் உண்டு, பள்ளியில் கேளுங்கள்

தமிழ், கணக்கு மாதிரியே தொடக்கப்பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டிய இன்னொரு பாடமும் இருக்கிறது. என் உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது, பயமாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது, கோபம் வந்தால் என்ன செய்வது, கூடப் படிக்கிறவனோடு சண்டை போட்டால் எப்படிச் சமாதானம் ஆவது, இதெல்லாம்தான் அந்தப் பாடம். இது அந்தந்த டீச்சரின் நல்ல மனசைப் பொறுத்த விஷயம், சொல்லித் தந்தால் சந்தோஷம், தராவிட்டால் நாம் கேட்க முடியாது என்றுதான் மதுரைப் பக்கம் நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தாராளமாகக் கேட்கலாம்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது நமக்குத் தெரியும். அதன் கீழ் 2020-இல் வந்த விதிகளை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. வயதுக்கு ஏற்ற பாதுகாப்புப் பாடத்தை மத்திய, மாநில அரசுகள் தயாரிக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. உடலையும் மனசையும் காத்துக்கொள்வது, இணையத்தில் கவனமாக இருப்பது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் உதவி கேட்பது, ஆணும் பெண்ணும் சமம் என்பது எல்லாம் அதில் வர வேண்டும். பள்ளியில் வேலை பார்க்கும் எல்லோரையும், ஆசிரியராக இருந்தாலும் சரி, வேறு வேலையில் இருந்தாலும் சரி, காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பதும் இதே விதிகளில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 29-ஆம் பிரிவு இன்னும் அடிப்படைக்கே போகிறது: பிள்ளை பயமில்லாமல், மனசில் இருப்பதைத் தாராளமாகச் சொல்ல உதவுவதாகப் பாடத்திட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனசைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளை எந்த டீச்சரிடம் போய் எதைச் சொல்லும்?

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில் உணர்வுகள், உறவுகள், போதைப் பழக்கம், இணையப் பாதுகாப்பு என்று 11 தலைப்புகள் இருக்கின்றன, ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் எட்டாது. அதனால்தான் தொடக்கப்பள்ளியில் நாமாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

"இத்தனூண்டு பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்பவர்களுக்காக, நான் மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் பார்த்த வகுப்பைச் சொல்கிறேன். டீச்சர் போர்டில் சாக்பீஸால் ஒரு பையன், ஒரு பெண் வரைந்து, ஜட்டியும் பனியனும் மறைக்கிற இடங்களைக் காட்டி, இதை வேறு யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, அவங்களோடதைத் தொடச் சொல்லவும் கூடாது என்றார். உடனே ஒரு பையன், "எங்க அப்பத்தா குளிப்பாட்டும்போது தொடுமே டீச்சர்?" என்றான். குளிப்பாட்டுவதற்கு அப்பத்தா தொடலாம், டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நிற்க வேண்டும், யாராவது தொட்டுவிட்டு "வெளிய சொல்லாத" என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். அப்புறம் அஞ்சு விரலுக்கு அஞ்சு நம்பிக்கையான ஆளைச் சொல்லச் சொன்னார். அதில் இரண்டு பேராவது வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார், ஒரு பிள்ளை சத்துணவு ஆயாவைச் சொன்னது. வீட்டுக்கு வெளியே என்று அவர் அழுத்திச் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான வழக்குகளில் தவறு செய்தவர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். அந்த வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் கூச்சப்படும்படியாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. பையன்களும் உட்கார்ந்து கேட்டார்கள், அதுவும் சரிதான், போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆண், பெண் இரு பாலருக்கும் பொதுவானது.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் உறவுகள் பற்றிய பாடம் கட்டாயம். பாலியல் கல்வி வேண்டாம் என்று பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம், உறவுகள் பாடத்திலிருந்து விலக்க முடியாது. நாம் இங்கே கேட்பதும் அந்த உறவுகள் பாடம் மாதிரியானதைத்தான்.

பாடத்தைவிட முக்கியமானது, பிள்ளை வந்து சொன்ன பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பது. முதலில் பதறக்கூடாது, "நீ ஏன் அங்க போன" என்று கேட்கவே கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு, அது சொல்வதை அதன் வார்த்தையிலேயே குறித்து வையுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். குடும்ப மானம் போய்விடும் என்று ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது இன்னும் நடக்கிறது, அதை ஒத்துக்கொள்ளவே கூடாது. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது.

ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்ற பயம்தான் பலரையும் தடுக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் பதிய வேண்டும், முடிந்தவரை சப் இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிபார்ம் இல்லாமல். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெயரோ, முகமோ, பள்ளியோ ஊடகத்தில் வரக்கூடாது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை, பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்ல வேண்டும், கூடவே இருந்து உதவ ஒருவரை அந்தக் குழு நியமிக்கலாம். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீட்டுக்கு சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சரி, பள்ளியில் எப்படிக் கேட்பது? அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த ஆண்டு எந்த வகுப்புக்கு எப்போது பாதுகாப்புப் பாடம் நடக்கும், ஊழியர்களின் காவல்துறை சரிபார்ப்பு முடிந்ததா, எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போய்ச் சொல்ல எந்த டீச்சரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம் என்பார்கள், அந்த வயசுப் பிள்ளைக்குப் பெட்டி போதாது, ஒரு ஆள் வேண்டும். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போக்சோ விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்குப் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரையும் கேட்க வேண்டாம், எந்த நேரமானாலும் 1098.