உறுமுகிற மோட்டாரை எரிந்ததாக முடிவு கட்டாதீர்கள்

வாஷிங் மெஷினில் நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். ஸ்விட்சைப் போட்டால் மறுபடியும் அதே 'உம்' சத்தம். அதற்கப்புறம்தான் யாராவது, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர் பக்கம் பார்க்கிறார்கள். சர்வீஸ் வேலையில் இது ஓயாமல் கண்ணில் படுகிறது. இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்ணீர் நிரம்புகிறது, துணி சுற்றவில்லை, அடியில் உறுமல் மட்டும் கேட்கிறது. உடனே "மோட்டார் போச்சு" என்கிறார்கள். முழுக்க எரிந்த மோட்டார் பெரும்பாலும் வாயே திறக்காது, இல்லையென்றால் ஃபியூஸைத் தூக்கும், கருகல் வாடை அடிக்கும். உறுமுகிறது என்றால் அதற்குக் கரண்ட் வருகிறது, சுற்ற முடியாமல் தவிக்கிறது. தவிக்கும் காரணம் பல நேரம் மோட்டாருக்கு வெளியேதான் இருக்கும்.

அந்த நேரத்தில் "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று திரும்பத் திரும்ப ஆன் செய்வதுதான் உண்மையில் மோட்டாரை எரிக்கிறது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வைண்டிங் கம்பியின் பூச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கருகும். உறுமல் கேட்டதும் நிறுத்துங்கள். குச்சி விட்டுச் சுழற்றிவிடுவதோ கையால் தள்ளிவிடுவதோ வேண்டவே வேண்டாம்.

பெல்ட் உள்ள ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடில் துவைக்கவும் பிழியவும் ஒரே மோட்டார்தான். ஆகவே ஈரத் துணியோடு ஸ்பின் நன்றாக ஓடினால் மோட்டார், கெபாசிட்டர், பெல்ட் மூன்றும் பெரும்பாலும் சரி. பழுது, டப்பின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரிலோ, துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாற்றிவிடும் கிளட்சிலோ இருக்கும். துவைக்கும்போது டப்பும் சேர்ந்து சுற்றினால், தண்ணீரை வடிக்கும் டிரெயின் மோட்டார் இழுக்கிற கிளட்ச் லீவர் திரும்பி வராமல் மாட்டிக்கொண்டதா என்று பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் மோட்டார் இரண்டும் தனித்தனி, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

அடுத்தது கை வைத்துப் பார்ப்பது. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். தண்ணீரை வடித்துவிட்டு பல்சேட்டரை இரண்டு பக்கமும் திருப்புங்கள். லேசான தடையோடு சுற்ற வேண்டும். அசையவே மறுத்தால் அடியில் நாணயம், கொண்டை ஊசி, குழந்தையின் சாக்ஸ் எதுவோ சிக்கியிருக்கலாம். எதுவும் இல்லையென்றால் கியர் பாக்ஸ் இறுகியிருக்கும். தடையே இல்லாமல் வழுக்கிச் சுற்றினால் பல்சேட்டரின் பல் தேய்ந்திருக்கும், அல்லது பெல்ட் கழன்றிருக்கும்.

பல்சேட்டரைக் கழற்ற நடுமூடியை எடுத்து ஸ்க்ரூவைத் திருகி, இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குங்கள். ஒரு ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் விண்டுபோகும். உப்பு படிந்து பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள். பிறகு கவிழ்த்து நடுத்துளையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பற்கள் கூர்மையாக இருக்க வேண்டும். ஷாஃப்ட் உலோகம், துளை பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனால் தேய்வது துளைதான். மழமழவென்று ஆகிவிட்டிருந்தால் புது பல்சேட்டர் போடுங்கள். பசை போட்டு ஒட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிறகு கியர் பாக்ஸைத் தொடவே முடியாது.

பெல்ட் விரிசல் விட்டிருந்தால் அதன் முதுகில் அச்சிட்ட அதே எண்ணில் வாங்குங்கள். வெறுமனே தளர்ந்திருந்தால் மோட்டார் போல்ட்டுகளை நெகிழ்த்தி, மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினால் போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உறுமினால் பெரும்பாலும் கெபாசிட்டர். பிளக் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் தொடவே கூடாது. மெக்கானிக் ஆனாலும் ஸ்க்ரூடிரைவரால் இரு முனையையும் ஷார்ட் செய்யாதீர்கள். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் வயரை இரு முனையிலும் வைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்குங்கள். மீட்டர் காட்டும் மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு), மேலே அச்சிட்டிருப்பதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல். 'பெரிசாப் போட்டா பலமாச் சுத்தும்' என்பது தப்பு, வைண்டிங் சூடேறும்.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வாஷ் மோட்டார் இரு பக்கமும் சம பலத்தோடு சுற்ற வேண்டியது, அதனால் அதன் இரண்டு வைண்டிங்கும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்டும். ஒன்று ஓப்பனாகவோ வெகுவாக மாறுபட்டோ இருந்தால்தான் மோட்டார்மேல் குற்றம் சொல்லலாம். அந்த அளவைக் காட்டாமல் மோட்டார் மாற்றச் சொல்லாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற செமி ஆட்டோமேட்டிக்கில் முதலில் டைமரின் கான்டாக்டைப் பாருங்கள்.

உறுமலே இல்லாமல் தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே போனால் விஷயம் வேறு. டப்பின் அடியிலிருந்து லெவல் சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாய் சோப்புக் கசடால் அடைத்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். சென்சார் பக்கம் கழற்றிவிட்டு டப் பக்கமாக ஊதுங்கள். சென்சாருக்குள் ஊதினால் அதுவும் போகும். மோட்டாரே நேராகச் சுழற்றும் இன்வெர்ட்டர் டைரக்ட் டிரைவ் மெஷினில் இந்த பெல்ட்டும் கெபாசிட்டரும் கிடையாது, எர்ரர் கோடைக் குறித்துக்கொண்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

எதை மாற்றினாலும் முதல் ஓட்டம் துணி இல்லாமல், தண்ணீர் மட்டும் விட்டு. பல்சேட்டர் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் திரும்புகிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டு, பாதி அளவு துணி போடுங்கள்.