மைக்ரோஆல்கா என்பது கடற்பாசி அல்ல, நுண்பாசி

சிப்பி தின்றவர்கள் நோயுற்றார்கள் என்று உலகில் எங்கிருந்து செய்தி வந்தாலும், தமிழில் அது ‘நச்சுக் கடற்பாசியால் பாதிப்பு’ என்று மாறிவிடுகிறது. செய்தியில் தொடங்கிய இந்தத் தொடர் இப்போது பாடக்குறிப்புகளிலும் வருகிறது. மூலத்தில் இருக்கும் சொல் மைக்ரோஆல்கா. அதைக் கடற்பாசி என்பது பிழை. உணவு நஞ்சைப் பற்றிப் பேசும் இடத்தில் அது ஆபத்தான பிழையும்கூட.

சொல்லின் பிறப்பு எளியது. ‘மிக்ரோஸ்’ கிரேக்கத்தில் சிறியது. ‘ஆல்கா’ லத்தீனில் கரையொதுங்கும் கடற்களை. அதன் பன்மை ஆல்கே. ‘கடற்பாசி’ கட்சியினர் பிடித்துக்கொள்வது இதைத்தான்: மூலச்சொல்லுக்கே கடற்பாசி என்றுதானே பொருள் என்கிறார்கள். லத்தீன்காரர் சொன்ன பொருளோடு அறிவியல் நின்றுவிடவில்லை. குளத்தைப் பச்சையாக்கும் ஒற்றைச் செல் உயிரும் இன்று ஆல்காதான். தமிழில் இந்த அகலம் முன்பே இருந்தது. குறுந்தொகை 399ஆம் பாட்டில் பசலைக்கு உவமையாக வரும் பாசி ஊர்க் கேணியில் படர்வது. தொட்டால் விலகும், விட்டால் மூடிக்கொள்ளும். கடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆகவே ஆல்கா பாசி, மைக்ரோஆல்கா நுண்பாசி. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று பழகிய நமக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

கடற்பாசி என்றதும் தமிழர் மனத்தில் வருவது கையால் பறிக்கக்கூடிய, உலர்த்திக் கூழ்மம் எடுக்கக்கூடிய பெரும்பாசி. சிப்பியை நஞ்சாக்கும் அலெக்சாண்ட்ரியம் என்னும் நுண்பாசியின் ஒரு செல்லோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. நீரை வடிகட்டித் தின்னும் சிப்பியும் மட்டியும் அதைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ‘நச்சுக் கடற்பாசி’ என்று படிப்பவர், நீரில் பாசி எதுவும் தெரியாவிட்டால் சிப்பி நல்லது என்றுதானே நினைப்பார்? வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. எச்சரிக்கையாக எழுதிய செய்தி எதிர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறது.

இந்த மொழிபெயர்ப்பு முழுதாக உடையும் இடம் சிகுவாட்டெரா. வெப்பமண்டலப் பவளப்பாறை மீன்களால் வரும் நச்சு நோய் இது. காரணம் கேம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்பாசி. பிரெஞ்சு பாலினீசியாவின் கேம்பியர் தீவுகளால் பெற்ற பெயர். அறிவியல் விவரிப்பு 1979இல் வந்தது. இது பெரும்பாலும் பெரும்பாசிகளின் மேல் ஒட்டி வாழ்கிறது. அந்தப் பெரும்பாசியை மேயும் மீன் இதையும் சேர்த்து விழுங்குகிறது. அந்த மீனைப் பெரிய மீன் தின்ன, நஞ்சு மேலே ஏறுகிறது. இதை அவர்கள் சொல்லால் எழுதிப் பாருங்கள்: ‘கடற்பாசியின் மேல் கடற்பாசி ஒட்டியிருக்கிறது, மீன் கடற்பாசியைத் தின்னும்போது கடற்பாசியும் உள்ளே போகிறது.’ எது நஞ்சு, எது மேய்ச்சல் என்று யாருக்குப் புரியும்?

டோமாயிக் அமிலம் என்னும் நஞ்சின் கதையும் இப்படித்தான். 1958இல் ஜப்பானியர் அதை முதலில் பிரித்தெடுத்தது உண்மையாகவே ஒரு செங்கடற்பாசியிலிருந்து. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்று நூறு பேருக்கு மேல் நோயுற்று, மூவர் இறந்து, சிலர் நினைவாற்றலையே இழந்தபோது தேடிப்பார்த்தால் நஞ்சு அதே டோமாயிக் அமிலம். அதைச் செய்தது கடற்பாசி அல்ல, சூடோ-நிட்சியா என்னும் டயாட்டம். அதாவது நுண்பாசி. பெரும்பாசியில் அறிந்திருந்த நஞ்சை ஒரு நுண்பாசி செய்கிறது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. இரண்டையும் கடற்பாசி என்று எழுதினால் கண்டுபிடிப்பே காணாமல் போகிறது.

சரி, சமரசமாக ‘நுண்கடற்பாசி’ என்று வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். கூடாது. அது சிறிய கடற்பாசி, கடற்பாசியின் குஞ்சு என்ற பொருளைத் தருகிறது. குளத்து மைக்ரோஆல்காவுக்கு அப்புறம் வேறு சொல் தேட வேண்டும். ‘கடல் நுண்பாசி’ என்று வரிசையை மாற்றினாலே போதும். கடல் வாழிடம், நுண்பாசி உயிர். ஒலிபெயர்த்து ‘மைக்ரோஆல்கா’ என்றே விடலாம் என்போர் மேல் எனக்குக் கோபம் குறைவு. குறைந்தபட்சம் அவர்கள் யாரையும் தவறான இடத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் நல்ல சொல் கையில் இருக்க அது எதற்கு?

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இதற்கெல்லாம் வேர். ‘ஆல்கல் புளூம்’ என்பதைப் ‘பாசி மலர்ச்சி’ என்கிறார்கள். பாசி பூக்காது, அது பாசிப் பெருக்கம். ‘ஷெல்ஃபிஷ்’ நஞ்சை ‘ஓட்டுமீன் நஞ்சு’ என்றதும் படிப்பவர் இறாலை ஒதுக்குகிறார். பெரும்பாலும் நஞ்சேறுவது சிப்பியிலும் மட்டியிலும்; ‘சிப்பி நஞ்சு’ என்றால் எல்லாருக்கும் புரியுமே.

‘நச்சு’ என்ற அடையிலும் கவனம் வேண்டும். ‘நச்சுக் கடல் நுண்பாசி’ என்று எழுதினால் கடலே நஞ்சாகிவிடும். ‘நஞ்சு உண்டாக்கும் கடல் நுண்பாசி’ என்று எழுதலாம். ஆனால் நீர் மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்ததோடு நின்ற அறிக்கைக்கு அதுவும் மிகை. சூடோ-நிட்சியாவில் இனம் பிரிக்க மின்னணு நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். இனம் தெரிந்த பிறகும், ஒரே இனத்தின் ஒரு வகை நஞ்சு செய்யும், இன்னொரு வகை செய்யாது. நஞ்சு இருக்கிறதா என்பதை வேதியியல் சோதனைதான் சொல்லும். அதுவரை அந்த அறிக்கையில் ‘நஞ்சு உண்டாக்கக்கூடிய கடல் நுண்பாசி’ என்றே எழுத வேண்டும்.