மீட்டர் பையின் அடியில் கிடக்கக் கூடாது

நான் வீடு வீடாகப் போய் வேலை செய்யும் எலக்ட்ரீசியன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் டூல்ஸ் பையைத் திண்ணையில் கவிழ்த்துக் கொட்டித் துடைப்பது என் வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படிக் கொட்டியபோது என்னென்ன விழுந்தது என்று சொல்கிறேன். தீர்ந்துபோன இன்சுலேஷன் டேப் உருளை 4. துருப்பிடித்த ஹேக்சா பிளேடுத் துண்டு 3. எந்த வீட்டில் கழற்றியது என்றே ஞாபகம் இல்லாத ஒரு எம்சிபி, அதாவது ஓவர்லோடு ஆனால் தானாக விழும் சுவிட்ச். ஒரே அளவில் இரண்டு ரிங் ஸ்பேனர். காய்ந்து கல்லாகிப்போன எம்-சீல். ஒரு டீக்கடை பில். பையைக் கவிழ்த்தால் அடியில் இருப்பது கடைசியில்தான் விழும். கடைசியில் விழுந்தது வோல்டேஜ், ஆம்பியர் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர், அதுவும் வயர்த் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு.

அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் எனக்கு நல்ல ஷாக் அடித்திருந்தது.

ஒரு வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். மெயினை இறக்கியாச்சு என்றார் வீட்டுக்காரர். உச்சி வெயில். ஸ்டூல் மேல் ஏறி, சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. சரி, சப்ளை இல்லை என்று இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தேன். அவ்வளவுதான், ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கைப்பிடிச் சுவரில் முழங்கை இடித்ததோடு போயிற்று. இடது பக்கம் விழுந்திருந்தால் இரண்டு மாடி கீழே தரை.

நடந்தது இதுதான். அந்த விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. 2012 வாக்கில் மின்வெட்டு தமிழ்நாட்டைப் படுத்திய பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. மெயினை இறக்கினால் அது சமர்த்தாகத் தன் வேலையைச் செய்யும். பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மெயினை இறக்கித்தான் இருந்தார்.

டெஸ்டரும் பொய் சொல்லவில்லை. அதில் இருக்கும் நியான் பல்பு எரிய, நம் உடம்பு வழியாக மிகச் சிறிய அளவு மின்னோட்டம் தரைக்குப் போயாக வேண்டும். காய்ந்த மர ஸ்டூல் மேல், ரப்பர் செருப்போடு நின்றால் அந்த வழி மெலிந்துவிடும், பல்பு மங்கலாகத்தான் எரியும். அந்த மங்கல் வெளிச்சம் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால் இதற்கு நேர்மாறு: இரண்டு கம்பியிலும் எரிந்து ஆளைக் குழப்பும். டெஸ்டர் எரிந்தால் நம்பலாம், எரியாவிட்டால் நம்பக் கூடாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். ஐடிஐயில் படித்ததுதான், பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்ததுதான்.

அப்புறம் ஏன் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை? பை கீழே இருந்தது. மீட்டர் அந்தப் பையின் அடியில் இருந்தது. இரண்டு மாடி இறங்கி, அரைப் பையைக் காலி செய்து, மறுபடி ஏற வேண்டும். சோம்பேறித்தனம் என்று திட்டலாம்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிறவன் ஒவ்வொரு தடவையும் சுறுசுறுப்பாக இருப்பான் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. கைக்கு எட்டுவதை வைத்துத்தான் வேலை நடக்கும். அதனால் எது கைக்கு எட்ட வேண்டும் என்பதைப் பை அடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அந்த ஆயுத பூஜையிலிருந்து நான் பை அடுக்கும் முறையே மாறிவிட்டது.

முதலில் காலிப் பையை வைத்துக்கொண்டு, வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று யோசித்தேன். ஒரு வீட்டுக்குள் போனதும் முதலில் தேவைப்படுவது டார்ச். எம்சிபிகள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ் பாதி வீடுகளில் கதவுக்குப் பின்னால் இருட்டில்தான் இருக்கும். அடுத்தது மீட்டர். அதற்கடுத்து, இறக்கிய எம்சிபியை யாரும் ஏற்றிவிடாமல் இருக்க ஒரு டேப்பும், ‘வேலை நடக்கிறது, சுவிட்ச் போடாதீர்கள்’ என்று எழுதிய அட்டையும். பழைய ஃபியூஸ் கேரியர் காலத்தில் இது சுலபம். பிடுங்கி நம் பையிலேயே போட்டுக்கொண்டால் யாராலும் போட முடியாது. டார்ச், மீட்டர், டேப், அட்டை நான்கும் பையின் வெளிப் பாக்கெட்டுக்குப் போய்விட்டன. ஜிப் திறக்காமலே கைக்கு வரும். கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் அதற்கு அப்புறம்தான், உள்ளே.

மீட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆம்பியர் பார்த்துவிட்டு, மீட்டரின் சிவப்பு லீட் வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுப் பையில் போடுகிறவர்கள் அதிகம். அடுத்த வீட்டில் அதே மீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்த்தால், அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். அதனால் லீடை வோல்டேஜ் துளைக்கு மாற்றி, மீட்டரின் குமிழை ஆஃபில் வைத்துவிட்டுத்தான் பாக்கெட்டுக்குள் போட வேண்டும். வாங்கும்போது மீட்டரின் முகத்தில் கேட் 3 (CAT III) என்ற வகைக் குறி, அதோடு 600 வோல்ட் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸில் கை வைக்க அந்த வகைதான் வேண்டும். மெயினை இறக்குவதற்கு முன்பே, சப்ளை இருக்கும் ஒரு பாயிண்டில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்ப்பேன். அப்புறம் வேலை செய்யும் இடத்தில். அப்புறம் நிறுத்தாத ஏதாவது ஒரு பாயிண்டில் மறுபடி ஒருமுறை. நடுவில் பேட்டரி செத்துப்போய் பூஜ்யம் காட்டினால், சப்ளை இல்லை என்று நம்பிவிடுவோம் இல்லையா, அதற்காகத்தான்.

சரி, எந்தப் பை வாங்குவது? என் முதல் பை ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதைக் கேலி செய்ய மாட்டேன், ஒரு வருஷம் சோறு போட்டது. ஆனால் உள்ளே எல்லாம் ஒரே குவியல், உளி குத்தி அடி கிழிந்துகொண்டே இருக்கும். அடுத்து இரும்புப் பெட்டி வாங்கினேன். காலியாகவே கனம், டைல்ஸைக் கீறும், மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். மின் பேனல் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும்போது மடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இரும்பு இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிளாஸ்டிக் பெட்டி பரவாயில்லை, பைக்கில்தான் நிற்காது. இன்னொன்று, பெட்டி இருந்தால் அதன் மேல் ஏறி நிற்கத் தோன்றும். நான் ஏறினேன், மூடி உடைந்தது.

இப்போது வைத்திருப்பது இரண்டு. தினசரி சர்வீஸ் வேலைக்கு, வாய் அகலமாகத் திறக்கும் நடுத்தரப் பை. அடிப்பாகம் கெட்டி ரப்பர். ஈரத் தரையில் வைத்தாலும் உள்ளே நனையாது. டிரில்லிங் மெஷின், பிட், சுத்தியல், உளி, வயர் இழுக்கும் ஸ்பிரிங் எல்லாம் தனியாக ஒரு முதுகுப் பையில். புது வயரிங்கோ சுவரில் துளை போடும் வேலையோ இருந்தால்தான் அது கிளம்பும். ஒரே பையாக இருந்தபோது பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 13 கிலோவுக்கு மேல் இருந்தது. ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற 13 கிலோவை ஒற்றைத் தோளில் தொங்கவிட்டு மூன்று மாடி ஏறியிருக்கிறேன், பல வருஷம். தினசரிப் பை இப்போது 5 கிலோவைத் தாண்டுவதில்லை. சிமெண்ட் தூசி பிடித்த பிட்டுகளும் மீட்டரும் ஒரே இடத்தில் கிடப்பதும் இதனால் நின்றது.

பை வாங்கப் போகும்போது உங்கள் டூல்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே நிரப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நிரப்பிய பை தானாக நிற்கிறதா, கைப்பிடி பையின் அடி வரை சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறதா அல்லது வாயோரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஜிப்பின் பல் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பை பெரும்பாலும் ஜிப்பில்தான் சாகும். உள்துணி கறுப்பாக இருந்தால் வேண்டாம் என்பேன். சப்ளையை நிறுத்திவிட்டு வேலை செய்கிறவன் பாதி நேரம் இருட்டில் இருப்பான். கறுப்புப் பைக்குள் கறுப்புக் கைப்பிடி ஸ்க்ரூ டிரைவர் தெரியாது. ஆரஞ்சோ மஞ்சளோ இருந்தால் நல்லது.

உள்ளே ஒவ்வொன்றுக்கும் நிற்கிற மாதிரி ஒரு பாக்கெட், கைப்பிடி மேலே. இடம் மாற்றவே கூடாது. உதவிக்கு வரும் தம்பியிடம் ஏணி மேலிருந்து “நோஸ் பிளேயர்” என்றால் அவன் பையைப் பார்க்காமலே எடுத்துத் தருவான். அதைவிடப் பெரிய லாபம் வேலை முடிந்ததும் தெரியும்: ஒரு பாக்கெட் காலியாக இருந்தால், ஏதோ ஒன்று இன்னும் வேலை செய்த இடத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பேனலுக்குள் மறந்து வைத்த ஒரு ஸ்க்ரூ டிரைவர் சப்ளை போட்டதும் என்ன செய்யும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாக்கெட் நிறையாமல் நான் மெயினை ஏற்றுவதில்லை.

கூரானவற்றுக்கு உறை வேண்டும். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. மீந்துபோன, சுவரில் வயரை மூடும் கேசிங் கேப்பிங் பட்டியில் ஓர் அடி வெட்டினால் ஹேக்சா பிளேடுக்கு அருமையான உறை. பிவிசி பைப் துண்டு உளிக்கு. இது கை கிழியாமல் இருக்க மட்டும் அல்ல. பிளேடும் கட்டிங் பிளேயரும் உரசிக்கொண்டே பயணம் செய்தால் பிளேயர் கைப்பிடியின் உறையில் மெல்லிய வெட்டு விழும், கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் அந்த வெட்டு வழியாகத்தான் விரலுக்கு ஷாக் வரும். சாதாரணக் கைப்பிடி உறை பிடிமானத்துக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருந்தால்தான் அது ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த இன்சுலேட்டட் டூல். அதிலும் வெட்டு விழுந்துவிட்டால் அந்தக் குறிக்கு மதிப்பு இல்லை.

மின்காப்பு ரப்பர் கையுறைக்கும் இதே கதிதான். அதைப் பைக்குள் திணித்து, மேலே ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் ஊசித்துளை விழும். தனித் துணிப்பையில், மடிக்காமல், எண்ணெய் படாமல் வையுங்கள். போடுவதற்கு முன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேண்டில்பாரில் பையை மாட்டாதீர்கள், திருப்பத்தில் அது வண்டியை இழுக்கும். முதுகுப் பையில் முதுகை ஒட்டிய பக்கம் ரெயின்கோட், துணி மாதிரி மெத்தென்று ஏதாவது இருக்கட்டும். கீழே விழுந்தால் முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது சுத்தியலாக இருக்கக் கூடாது. ஏணி ஏறும்போது சட்டைப் பையிலும் பின் பாக்கெட்டிலும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். இடுப்பில் ஒரு சின்னப் பௌச், அதில் அந்த வேலைக்கு வேண்டிய நான்கு சாமான். பெரிய சாமானைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம். ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்கு.

சில்லறைச் சாமான்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்க்ரூ, ராவல் பிளக், லக், கனெக்டர் எல்லாம் தனித்தனி மூடி டப்பாவில். சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர் 2.5 மைக்ரோஃபாரட் இரண்டு எப்போதும் இருக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வரும் போனுக்குப் பாதி நாள் அதுதான் பதில். வெட்டிய வயர்த் துண்டுகளுக்கு ஒரு காலிப் பிளாஸ்டிக் கவர். தினமும் வீட்டுக்கு வந்ததும் அதை மட்டும் கொட்டிவிடுவேன். அடியில் குப்பை சேராவிட்டால் மீட்டர் எங்கே இருக்கிறது என்று தேடும் நிலை வராது.

போன மாசம் தினசரிப் பையின் வெளிப் பாக்கெட் கிழிந்தது. ஒரு நாள் மட்டும் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு இரண்டாவது வீட்டிலேயே கை தானாகச் சட்டைப் பையில் இருந்த டெஸ்டருக்குப் போனதைக் கவனித்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு வாங்கினேன். 40 ரூபாய் ஆயிற்று.