யாரும் பட்டா கேட்காத நிலம்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் ஆல்வர்ட் பாலைவனம் இருக்கிறது. பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் கண்முன் வந்தால் அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். இது வற்றிப்போன ஏரிப் படுகை. சுமார் 19 கி.மீ. நீளம், 11 கி.மீ. அகலத்துக்குத் தோசைக்கல்லாகப் பரந்து கிடக்கும் களர் நிலம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம். மேற்கே 2,967 மீட்டருக்கு ஸ்டீன்ஸ் மலை நிற்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை முதலில் காஸ்கேட் மலைத்தொடர் பிழிந்துவிடும். மிச்சமிருப்பதை ஸ்டீன்ஸ் பிழியும். ஆல்வர்டுக்கு ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 18 செ.மீ. அளவுக்குத்தான் மழை.

மலைக்கும் படுகைக்கும் நடுவே ஒரு ஜல்லிச் சாலை போகிறது. சாலையோரம் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. அது தனியார் சொத்து, காசு கட்டினால்தான் இறங்கிக் குளிக்கலாம். அதே சாலையில் சில மைல் தள்ளிப் போய் வண்டியைப் படுகைக்குள் இறக்கினால், விரும்பிய இடத்தில் கூடாரம் போடலாம். வாடகை கிடையாது, முன்பதிவு கிடையாது. கழிப்பறையும் குழாயும்கூடக் கிடையாது.

ஊற்று பட்டா, படுகை புறம்போக்கு. அமெரிக்க உயர்பாலையில், அதாவது கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் கிடக்கும் இந்த வறண்ட வெளியில், இலவசமாகத் தங்க இடம் தேடுகிறவருக்கு இந்த ஒரு காட்சி பாதிப் பாடம்.

1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டு குடியிருந்து உழுகிறவருக்கு 160 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. மழை பெய்யும் கிழக்குப் பகுதிகளில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். உயர்பாலையில் அது நாலு மாட்டுக்குக்கூடப் பற்றாது. அதனால் இங்கே வந்தவர்கள் விவரமாக நடந்துகொண்டார்கள்: ஊற்று, ஓடைக்கரை, புல்வெளி என்று ஈரம் இருந்த துண்டுகளை மட்டும் எழுதி வாங்கினார்கள். தண்ணீர் கையில் இருந்தால் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சலும் தானாகக் கையில் இருக்கும். எஞ்சிய காய்ந்த நிலத்தை யாரும் கேட்கவில்லை, அது அரசிடமே தங்கிவிட்டது. 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் அதை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 1946-இல் பி.எல்.எம். என்கிற நில மேலாண்மைத் துறை உருவானது. 1976-இல், மிச்சமுள்ள நிலத்தை இனிப் பொதுவாக விநியோகிப்பதில்லை, அரசே வைத்துக்கொள்ளும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. இன்று பி.எல்.எம். கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. ஏழரைத் தமிழ்நாடு! நெவாடா மாநிலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு நிலம் மத்திய அரசுடையது.

நம் ஊர்ப் புறம்போக்குக்கு இது நேர்தலைகீழ். நமக்கு ஏரி, குளம், வாய்க்கால் எல்லாம் புறம்போக்கு. அதைச் சுற்றிய வயல் பட்டா. அங்கே நீர் பட்டாவாகிவிட்டது, வறட்சி பொதுவுடைமை ஆயிற்று.

'யாரும் கேட்கவில்லை' என்று எழுதும்போது ஒரு முள் உறுத்துகிறது. வடக்குப் பயூட் என்னும் பழங்குடி மக்கள் இந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள். 1872-இல் அவர்களுக்கென்று ஒதுக்கிய மல்ஹூர் காப்பு நிலத்தை, 1878-இல் நடந்த பன்னாக் போருக்குப் பின் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. யாரும் கேட்காத நிலம் என்பது குடியேறியவர்களின் கணக்கு.

சரி, வரைபடத்தை விரிப்போம். நில உடைமை வரைபடங்களில் பி.எல்.எம். நிலம் மஞ்சள், வனத்துறை நிலம் பச்சை, மாநில அரசு நிலம் நீலம், தனியார் நிலம் வெள்ளை. பரந்த மஞ்சளுக்கு நடுவே வெள்ளை, நெளிநெளியாக, ஓடையின் போக்கிலேயே போகும். ஆற்றின் பெயர் அச்சாகாத வரைபடத்தில்கூட, எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று அந்த வெள்ளையை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பழக்கமானவர்கள் இதைத் திருப்பிப் போட்டும் படிப்பார்கள்: பச்சைப் புல்லும் பாப்லர் மரமும் கண்ணில் பட்டால், அழகான இடம், ஆனால் பெரும்பாலும் யாருடையதோ.

எல்லைகள் இவ்வளவு கறாரான சதுரங்களாக இருப்பதற்குக் காரணம் 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். மலையா பள்ளமா என்று பாராமல் தேசத்தின் பெரும்பகுதி மேல் இந்தக் கட்டத்தைப் போர்த்தினார்கள். கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதைக்கு உதவ, 1862-இல் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒற்றைப்படை எண் கொண்ட செக்‌ஷன்களை ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள், இரட்டைப்படை அரசிடம். விளைவு, வடக்கு நெவாடாவில் பழைய ரயில்பாதை நெடுக மஞ்சளும் வெள்ளையும் மாறி மாறி அசல் சதுரங்கப் பலகை. இரண்டு மஞ்சள் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளியைத் தாண்டிக் கால் வைக்கலாமா? 2021-இல் வயோமிங்கில் சில வேட்டைக்காரர்கள் ஏணி வைத்து மூலைக்கு மூலை தாண்டினார்கள், தனியார் நிலத்தை மிதிக்காமல். நிலக்காரர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நெவாடாவும் ஒரிகனும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை. தவிர, கூடாரத்தையும் காரையும் ஏணியில் ஏற்ற முடியாது. சதுரங்கப் பகுதியை விட்டுத் தள்ளிப் போவதே நிம்மதி.

விதிகள் சிலவே. பெரும்பாலான பி.எல்.எம். நிலங்களில் 28 நாள் கெடுவுக்குள் ஒரே இடத்தில் 14 நாள் தங்கலாம். பிறகு நகர்ந்துவிட வேண்டும், நெவாடாவில் 25 மைலாவது. ஊற்று, நீர்த்தொட்டி பக்கத்தில் கூடாரம் போடக்கூடாது. ஆள் வாடை அடித்தால் மான் இரவெல்லாம் தாகத்தோடு நிற்கும், அங்கே அதற்கு வேறு தண்ணீர் இல்லை. வனத்துறை நிலத்தில் எந்தப் பாதையோரம் வண்டி நிறுத்தித் தங்கலாம் என்று அத்துறையின் இலவச வாகன வரைபடம் புள்ளியிட்டுக் காட்டும்.

இனி இடத்தைக் கண்டுபிடிப்பது. செயற்கைக்கோள் படத்தில் மண்சாலையைப் பின்தொடர்ந்து போங்கள். சாலையிலிருந்து ஒரு சிறு கிளை பிரிந்து, நூறு இருநூறு அடியில் வெளிறிய வட்டமாக முடிந்தால், அங்கே ஏற்கெனவே யாரோ தங்கியிருக்கிறார்கள். நீங்களும் அங்கேயே போடுவதுதான் சரி. அந்த வட்டம் விண்ணிலிருந்து தெரிவதற்குக் காரணம் மண்ணின் தோல். செடிகளுக்கு நடுவே வெறும் மண் போலக் கிடப்பது வெறும் மண் அல்ல. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் பிசின் பூசிய இழைகளால் மண்துகளைக் கோத்து, பாசியும் லைக்கனும் கூடச் சேர்ந்து, கருத்த, சொரசொரப்பான மேலோட்டை உண்டாக்குகின்றன. காற்றில் மண் பறக்காமல் பிடிப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் இதுவே. ஒரு டயர் ஏறினால் இழை அறுந்தது அறுந்ததுதான். ஆண்டுக்கு நாலு நாள் நனைகிற இடத்தில் அது மறுபடி வளரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல தலைமுறைகள் ஆகும். தெற்கே மொஹாவி பாலையில் 1942-இல் அமெரிக்க ஜெனரல் பேட்டனின் படை பீரங்கி வண்டி ஓட்டிப் பழகிய தடங்கள் இன்றும் தெரிகின்றன. ஒரே ஒரு ராத்திரிக்காகப் புதுத் தடம் போடுவது எனக்குக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது.

இடம் கிடைத்தாயிற்று, எந்த உயரத்தில் படுப்பது? என் முதல் பயணத்தில் நான் தேர்ந்தெடுத்தது பள்ளத்தாக்கின் அடிமட்டம். செப்டம்பர் கடைசி. பிற்பகலில் டி-ஷர்ட்டே கனத்தது. விடியற்காலையில் பல் தந்தியடிக்க எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தால் உள்ளே ஐஸ் சலசலத்தது. இரண்டு மைல் தள்ளி, மலையடிச் சரிவில் தங்கியிருந்தவர்கள் காலையில் போர்வைகூட இல்லாமல் காபி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். சூரியன் மறைந்ததும் நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கும். நம் கடலோர ஊர்களில் காற்றிலுள்ள நீராவி அதில் ஒரு பகுதியை உறிஞ்சித் திரும்பக் கீழே அனுப்பும். புழுக்கமான இரவு என்று நாம் திட்டுவது அந்தப் போர்வையைத்தான். உயர்பாலையில் காற்றும் மெலிவு, நீராவியும் சொற்பம். வெப்பம் தடையில்லாமல் வெளியேறும். நிலம் குளிர, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து இறங்கும். பள்ளத்தில் போய்த் தேங்கும். இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளிர் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கும், நாம் அதன் அடியில் படுத்திருப்போம். யூட்டா மாநிலத்தின் பீட்டர் சிங்க்ஸ் என்ற கிண்ணம் போன்ற பள்ளத்தில் 1985 பிப்ரவரி 1 அன்று மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்தப் பள்ளத்தின் அடியில் மரமே கிடையாது; மேலே ஏறினால்தான் மரம். பொதுவாக மலைமேல் போகப் போக மரம் குறையும், அங்கே தலைகீழ்.

பரிசோதனை வேண்டாம், ஜூனிப்பர் என்னும் ஊசியிலை வகை மரங்களைப் பாருங்கள். நெவாடாவும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிரேட் பேசின் பகுதியில் பள்ளத்தாக்கின் அடியில் புதர் மட்டும் இருக்கும், சரிவில் சற்று ஏறியதும் ஜூனிப்பரும் பின்யன் பைனும் தொடங்கும். அவை கீழே இறங்காததற்குக் குளிர் ஏரியும் ஒரு காரணம். முதல் ஜூனிப்பர் நிற்கும் இடம், ஏரியின் கரை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே நிழலும் உண்டு.

மலையடிச் சரிவு என்பது ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் விசிறி போல் விரிந்த மேடு. வசதியான இடம்தான், ஆனால் அதைக் கட்டியது வெள்ளம் என்பதை மறக்கக்கூடாது. கோடை பிற்பகலில் இருபது கி.மீ. தள்ளி மலைமேல் இடிமழை பெய்தால், இறுகிய தரை அதைக் குடிக்காது. இங்கே வானம் நீலமாக இருக்கும்போதே வறண்ட ஓடையில் சேறும் கல்லுமாகத் தண்ணீர் வந்து நிற்கும். மணல் மெத்தையாக, சமதளமாக, படுக்கச் சொல்லி அழைப்பது எப்போதும் அந்த ஓடைப்படுகைதான்! எந்தப் பகுதி பாதுகாப்பு என்று கல்லே சொல்லும். நீண்ட காலம் புரளாமல் கிடந்த கல்லின் மேல், தூசியிலிருந்து வந்த களிமண்ணும் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளும் சேர்ந்து கரும்பழுப்பு மெருகு ஏறும். ஆயிரம் ஆண்டுக்குச் சில மைக்ரோமீட்டர் கனம், அவ்வளவு மெதுவாக. நெவாடாவின் தெற்கே இது நன்றாகத் தெரியும். கல் கருத்திருந்தால் அந்தப் பரப்பில் வெள்ளம் ஏறி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும். கல் வெளுத்து, புதிதாக உடைத்த ஜல்லி போல் இருந்தால், அது இன்னும் வெள்ளத்தின் பாதை.

களர்ப் படுகைக்குத் திரும்புவோம். ஆல்வர்டின் சமதளத்துக்குச் சான்று வேண்டுமானால், 1976-இல் கிட்டி ஓ'நீல் இங்கே மூன்று சக்கர ராக்கெட் வண்டியை மணிக்கு 512 மைல் வேகத்தில் ஓட்டிப் பெண்களுக்கான நிலவேகச் சாதனை படைத்தார். காய்ந்திருக்கும்போது அது விமான ஓடுதளம். நனைந்தால் புதைகுழி. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய களிமண் துகள்கள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், வடியவிடாது. மேலே ஓடு காய்ந்து வெடித்திருக்கும், அடியில் வெண்ணெய். வண்டி அச்சுவரை இறங்கினால், இழுத்துவிட வருகிறவர் கேட்கும் தொகையில் நல்ல ஹோட்டலில் பல இரவு தங்கியிருக்கலாம். இறங்கி நடந்து, குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

செடிகளும் பேசும். கிரீஸ்வுட் புதர் இருந்தால் மண் உவர், நிலத்தடி நீர் பக்கத்தில், மழை பெய்தால் சேறு. சாம்பல்பச்சை நிறத்தில் இடுப்பளவு சேஜ்பிரஷ் அடர்ந்திருந்தால் ஆழமான, நீர் வடியும் மண். கூடார முளை நன்றாக இறங்கும். சேஜ்பிரஷ் நம் மரிக்கொழுந்தின் உறவு, இரண்டும் ஆர்டிமீசியா பேரினம். மழை விழுந்ததும் அந்த வெளி முழுவதும் மணக்கும்போது, பூக்கட்டுகிறவர் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். இவற்றுக்கு நடுவே வைக்கோல் நிறத்தில் சீட்கிராஸ் படர்ந்திருந்தால் அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். யுரேசியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த புல் இது. கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்துவிடும். ஓடி வந்த வண்டியின் புகைக்குழாய்ச் சூடே அதைப் பற்றவைக்கப் போதும். கோடையில் பல இடங்களில் விறகு மூட்டவே தடை இருக்கும். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர், வீட்டிலிருந்தே. வரைபடத்தைக் கைபேசியில் முன்னாலேயே இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் வராது.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டு இங்கே நாம் பழகிய இருட்டு அல்ல. தண்ணீர் இல்லாததால் ஊர் இல்லை, ஊர் இல்லாததால் தெருவிளக்கு இல்லை. தெற்கு ஒரிகனில் 25 லட்சம் ஏக்கர் பரப்பை 2024-இல் பன்னாட்டு இருள்வான் சரணாலயமாக அறிவித்தார்கள். அமாவாசையை ஒட்டிப் போனால், நள்ளிரவில் கூடாரத்தை விட்டு வெளியே வரும்போது டார்ச் இல்லாமலே பக்கத்துப் புதரின் உருவம் மங்கலாகத் தெரியும். பால்வெளி வெளிச்சம் அதற்குப் போதும். கண் பழக இருபது முப்பது நிமிடம் பொறுக்க வேண்டும், கைபேசியைத் தொடாமல்.