கிறிப்ரிபோம் எண்டா அரிதட்டு

மாமான்ர புரொஸ்ரேற் (ஆம்பிளையளுக்குச் சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) கான்சர் ஒப்பரேஷன் றிப்போட்டில, கான்சர் எவ்வளவு மூர்க்கம் எண்டு காட்டிற கிளீசன் கணக்கு 3+4=7 (கூடக் கிடக்கிற உருவின்ர தரம் 3, அடுத்ததின்ர தரம் 4) எண்டு போட்டு, அதுக்குக் கீழ கிறிப்ரிபோம் எண்டொரு சொல்லு கிடந்தது, மாமி அது வேற ஏதும் வருத்தமாக்கும் எண்டு நித்திரை கொள்ளேல்லை.

வேற வருத்தம் இல்லை. லத்தீன்ல கிறிப்றம் எண்டா அரிதட்டு, போர்மா எண்டா உரு. மூக்குக்கு மேல மண்டையோட்டில மணக்கிற நரம்புகள் நுழையிற ஓட்டை ஓட்டையான எலும்புக்கும் இதே பேர்தான் வச்சிருக்கினம்.

சாதாரண சுரப்பி எண்டா நடுவில ஒரு வெளி, சுத்திவரக் கலங்கள். கான்சர்க் கலங்கள் பெருகி அந்த வெளிக்குக் குறுக்கால பாலம் பாலமாக் கட்டிக்கொண்டு போகேக்க மிஞ்சிற இடமெல்லாம் வட்ட வட்டக் கண்ணாத் தெரியும், நுணுக்குக்காட்டியில பாத்தா மா அரிக்கிற தட்டேதான். "அப்ப கறையான் மாதிரி அரிச்சுப்போட்டுதோ தம்பி" எண்டு மாமி கேட்டா. தமிழ்ல அரிக்கிறதுக்கு ரெண்டு கருத்தும் இருக்கிறதால வாற பயம் அது, ஆனா இந்தக் கண்கள் தின்னுபட்ட ஓட்டையில்லை, நிரம்பாம விடுபட்ட இடம்.

ஏன் எழுதீனம் எண்டா, ஒப்பரேஷனுக்குப் பிறகு வருத்தம் திரும்பி வாறதும் பரவிறதும் இந்த உரு இருக்கிற ஆக்களுக்குத்தான் கூட எண்டு கண்டிருக்கினம். 1966இல கிளீசன் எண்ட நோயியல் நிபுணர் தரம் பிரிக்கேக்க இதில கொஞ்சம் 3ஆம் தரத்துக்குள்ள கிடந்தது, 2014இல நோயியல் நிபுணர்கள் கூடி எல்லாத்தையும் 4ஆம் தரத்துக்கு ஏத்தினவை. ஒருத்தரின்ர 4இல இந்த உரு இருக்கும், மற்றவரின்ர 4இல இராது, அதால 7 எண்டு வந்த ரெண்டு பேரின்ர 7உம் ஒண்டில்லை. வெட்டின விளிம்பில கான்சர் நிக்குதோ, சுரப்பியை விட்டு வெளியில போச்சுதோ, விந்துப்பை, நிணநீர்க்கணு எப்பிடி எண்டதையும் சேத்துத்தான் பாக்கவேணும்.

தமிழ்ல சல்லடை உரு எண்டு எழுதினாலும் சரிதான், ஆனா எங்கட குசினியில தொங்கிறது அரிதட்டு, நான் அரிதட்டுரு எண்டுதான் எழுதுவன். முன்னுக்கு நிக்கிறவர் எண்ட கிரேக்கச் சொல்லில வந்த புரொஸ்ரேற்றுக்கு எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில முன்னிற்கும் சுரப்பி எண்டு எவ்வளவு வடிவா வச்சவை, அதுக்குப் பக்கத்தில இதுவும் நல்லாத்தான் நிக்கும்.

மாமிக்கு அரிதட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினன். கனநேரம் பாத்துப்போட்டு, "அப்ப இனி ரத்தத்தில என்ன பாக்கிறவை" எண்டா. பி.எஸ்.ஏ. எண்டு புரொஸ்ரேற் கலங்கள் சுரக்கிற ஒரு புரதம், அது மில்லிலீற்றருக்கு 0.2 நானோகிராமைத் தாண்டி ஏறுதோ எண்டு பாக்கிறது எண்டு சொன்னன், அதைக் கலண்டரில எழுதி வச்சிருக்கிறா.