துப்பட்டா பிடிக்கிற கையும் எடை தூக்குகிற கையும்

எங்கள் தெருமுனை ஜிம்மில் காலை ஆறிலிருந்து எட்டு வரை பெண்களுக்கான நேரம். போன ஆடி மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் கம்பியை வைத்து ஸ்குவாட் பழகிக்கொண்டிருந்தார். எடைத் தட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பிதான். தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். பாதி உட்கார்ந்தவுடன் அவருடைய வலது கை கம்பியை விட்டுவிட்டுப் பின்பக்கம் டாப்ஸை இழுத்துவிடப் போய்விட்டது. கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது. நல்ல வேளை, பயிற்சி தரும் அக்கா பின்னாலேயே நின்று பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் அங்கே ஆண்கள் யாரும் இல்லை. இருந்தவர்கள் நாங்கள் நான்கு பெண்கள், அவரவர் மூச்சு வாங்கலில் அவரவர். அப்படியானால் அந்தக் கை யாருக்காகப் போனது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிற ஒரு பரிசோதனையை 1998-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகளை ஒருவர் ஒருவராகக் கண்ணாடி வைத்த ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். சிலருக்கு நீச்சல் உடை, சிலருக்கு ஸ்வெட்டர். அந்த உடையில் இருக்கும்போதே கணக்குத் தேர்வு ஒன்றை எழுதச் சொன்னார்கள். அறையில் வேறு யாரும் கிடையாது, எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. இருந்தும் நீச்சல் உடையில் இருந்த மாணவிகள் ஸ்வெட்டர் போட்டவர்களைவிடக் குறைவான மதிப்பெண் வாங்கினார்கள். அதே சோதனையை ஆண்களுக்கு வைத்தபோது உடையால் மதிப்பெண் மாறவில்லை.

கணக்குத் திறமை உடையோடு கழன்று போய்விடாது. போனது கவனம். நம் மூளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடிய விஷயங்கள் மிகக் கொஞ்சம். ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்ற எண்ணம் அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால், மிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். சிறுவயதிலிருந்து ‘காலைச் சேர்த்து உட்கார்’, ‘துப்பட்டாவைச் சரி பண்ணு’ என்று கேட்டுக் கேட்டு, அப்படிச் சொன்னவர்களின் கண்ணையே நமக்குள் கொண்டுவந்து குடிவைத்துவிடுகிறோம். யாருமில்லாத அறையிலும் அந்தக் கண் விழித்திருக்கிறது.

இது கணக்கோடு நிற்பதில்லை. 2005-இல் ஃபிரெட்ரிக்சன் இன்னொருவருடன் சேர்ந்து, பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரையான சிறுமிகளைப் பந்து எறியச் சொல்லிப் பார்த்தார். தன் உடம்பு பிறர் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று அதிகம் நினைக்கிற பிள்ளைகளின் எறிதல் மோசமாக இருந்தது. எறிகிற கை அந்தப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அந்தக் கையை வீசும் நொடியில் மனம் வெளியே நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இது ஏன் எடைப் பயிற்சியில் இவ்வளவு முக்கியம் என்று புரிய, உடலில் பலம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். பலம் என்றால் தசை பெருப்பது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். பயிற்சியின் முதல் சில வாரங்களில் தசையின் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறுவதே இல்லை. ஆனால் தூக்கும் எடை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பலம் நரம்பிலிருந்து வருகிறது.

திருவாரூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தில் ஆயிரம் பேர் கை வைத்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரு குரல் எழுந்து, அந்தத் தாளத்துக்கு எல்லாரும் ஒன்றாக இழுத்தால் நகரும். ஆட்களும் அதே ஆட்கள், கைகளும் அதே கைகள். தசையிலும் இதேதான் நடக்கிறது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பும் தசை நார்களில் ஒரு குழுவைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. சில குழுக்கள் சிறியவை, சில மிகப் பெரியவை. காபி டம்ளரைத் தூக்கச் சின்னக் குழுக்கள் போதும். சுமை கனமானால்தான் பெரிய குழுக்களுக்கு அழைப்பு போகும். எல்வுட் ஹென்னமன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்த ஒழுங்கு இது. வாழ்நாளில் கனமாக எதையும் தூக்காத ஒருவரின் பெரிய குழுக்களுக்கு அழைப்பு வருவதே அபூர்வம்.

பயிற்சி தொடங்கியதும் நரம்பு மண்டலம் அந்தக் குழுக்களையும் எழுப்பக் கற்றுக்கொள்கிறது. கட்டளைத் துடிப்புகளை வேகமாக அனுப்பக் கற்றுக்கொள்கிறது. எதிர்ப்பக்கத் தசை தேவையில்லாமல் இறுகிக்கொண்டு முட்டுக்கட்டை போடுவதும் குறைகிறது.

இதற்கு நான் மிகவும் ரசிக்கிற சான்று 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்பவரின் ஆய்வகத்தில் மிஸ் பிரவுன் என்ற பெண் வலது கையால் மட்டும் ஒரு அழுத்தக் கருவியைப் பிழிந்து பழகினார். சில நாட்களுக்குப் பிறகு இடது கையை அளந்து பார்த்தால், எந்தப் பயிற்சியும் செய்யாத அந்தக் கையின் பலமும் சுமார் 43 சதவீதம் கூடியிருந்தது! இடது கைத் தசை சும்மா இருக்கும்போதே பெருத்துவிடவில்லை. கட்டளையிடும் இடம் கற்றுக்கொண்டது, அதன் பலன் இரண்டு கைக்கும் போனது. ஒரு கை உடைந்து கட்டுப் போட்டிருப்பவர்களை இன்னொரு கையால் பயிற்சி செய்யச் சொல்கிற வழக்கத்துக்கு அடிப்படை இந்தக் கண்டுபிடிப்புதான்.

ஆக முதல் மாதத்தில் ஜிம்மில் நாம் செய்வது படிப்பு. உடம்பு பாடம் படிக்கிறது. படிக்கிற பிள்ளையின் கையை நிமிஷத்துக்கொரு தரம் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? டாப்ஸை இழுத்துவிடப் போன அந்தக் கை செய்வது இதைத்தான்.

சரி, தசையும் பெருக்கும்தானே, ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவேனோ என்று ஒரு பயம் இருக்கிறது. இந்தப் பயம் சொல்லாத பெண்ணை எங்கள் ஜிம்மில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாட்களுக்குத் தசை புதிய புரதத்தை வழக்கத்தைவிட வேகமாகக் கட்டுகிறது. நார்கள் மெல்ல மெல்லத் தடிக்கின்றன. ஆனால் ஆண்களின் பருவ வயதில் தசையைக் கொழிக்க வைக்கிற டெஸ்டோஸ்டிரோன் பெண் உடலில் ஆண்களுக்கு இருப்பதில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். விழா மேடைகளில் நாம் பார்க்கிற கட்டுமஸ்தான உடல்வாகு பல வருட உழைப்பும் அளந்து சாப்பிட்ட சாப்பாடும் சேர்ந்து வந்தது. வாரம் இரண்டு நாள் போய் வருகிறவருக்கு அது தவறிக்கூட வராது. அதே சமயம், ஆரம்பித்த இடத்தோடு ஒப்பிட்டால் பெண்களின் பலம் ஏறும் விகிதம் ஆண்களுடையதற்குக் குறைந்ததில்லை. பத்து கிலோ தூக்கியவர் பதினைந்துக்குப் போவது இருவருக்கும் ஒன்றுபோலத்தான் நடக்கிறது.

கர்ணம் மல்லேஸ்வரியை நினைவிருக்கிறதா? ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2000-இல், சிட்னியில். அந்த முதல் வருடமே 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

இனி தன்னம்பிக்கை. இந்த வார்த்தையை அட்டைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்துத் தேய வைத்துவிட்டோம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைக் கையில் பிடிக்கிற மாதிரி விளக்கினார். ஒரு குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பிறர் பாராட்டுவதிலிருந்து கொஞ்சம் வரும், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தும் வரும். எல்லாவற்றையும்விட உறுதியாக வருவது, நாமே ஒருமுறை செய்து முடிப்பதிலிருந்து. எடைக் கம்பிக்கு முகஸ்துதி தெரியாது. ‘அழகா இருக்கீங்க’ என்ற பாராட்டை நாளைக்கு ஒருவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். போன வாரம் 20 கிலோ, இந்த வாரம் 22.5 கிலோ என்று நோட்டில் எழுதியதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. உடல் எடை பெரிதாகக் குறையாதபோதும் பயிற்சி செய்கிற பெண்களுக்குத் தங்கள் உடலைப் பற்றிய எண்ணம் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த உடம்பிடம் என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்குகிறோம். என்னைப் பொறுத்தவரை மாற்றம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உடைக்கு வருகிறேன். 2012-இல் ஓர் ஆய்வு பிரபலமானது: டாக்டர் கோட்டு என்று சொல்லிக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டவர்களின் கவனம் கூர்மையானது என்று. பின்னர் அதிக ஆட்களை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. உடைக்கு மந்திர சக்தி இருப்பதாக நானும் நம்பவில்லை. நல்ல உடை நம்மிடம் எதுவும் கேட்காமல் இருக்கும். இழுத்துவிடு, மூடு, பின் குத்து என்று நச்சரிக்காது. அது விட்டுக்கொடுக்கிற கவனம் முழுக்க நமக்கு மிச்சம்.

அந்த உடை இறுக்கமான லெக்கிங்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் பழைய சல்வாரில் இரண்டு கால்களும் சேருமிடத்தில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? முழுசாகக் குந்தி உட்காரும்போது இடுப்பு மடங்கும், தொடை விரியும். துணி இழுபடுவது சரியாக அந்த இடத்தில்தான். அந்தச் சின்னத் துண்டு துணியை எல்லாப் பக்கமும் விரிய விடுகிறது. குந்தி உட்கார்ந்து வேலை செய்த மக்களின் தையல் அறிவு அது. ஜிம்முக்கு அப்படி ஒரு சல்வாரும், நடுத்தொடை வரைக்குமான டி-ஷர்ட்டும் போட்டு வருகிறவர்களும் எங்களிடம் உண்டு. லெக்கிங்ஸில் வருகிறவர்களும் உண்டு. அவரவர் கை எதில் சும்மா இருக்கிறதோ அது அவரவர் உடை.

ஒரு துணி மட்டும் எல்லாருக்கும் வேண்டும், அதைப் பற்றித்தான் நாம் வாய்திறப்பதில்லை. மார்பகத்துக்குள் தசை கிடையாது. அதைத் தாங்குவது மேல் தோலும், உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புத் திசு இழைகளும்தான். ஓடும்போது அது மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் சேர்ந்து, காற்றில் 8 போடுகிற மாதிரி நகர்கிறது. மேல்கீழ் அசைவு அதில் ஏறத்தாழப் பாதிதான். சாதாரண பிரா தோள்பட்டியால் மேல்நோக்கி மட்டும் இழுப்பதால் மற்ற திசைகளில் பிடிமானம் இல்லாமல் வலிக்கிறது. ‘எனக்கு ஓட்டம் ஒத்துவராது’ என்று விட்டுவிட்ட எத்தனையோ பெண்களுக்கு ஒத்துவராதது ஓட்டமாக இருந்திருக்காது. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்து முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். மனிதன் நிலவில் நடந்து எட்டு வருடம் கழித்து! வாங்கும்போது மார்புக்குக் கீழே வரும் பட்டையைப் பாருங்கள். தாங்கும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. அது இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கமாக, கை தூக்கினாலும் மேலே ஏறாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அறுபத்தொரு வயது. போன வருடம் ஈர முற்றத்தில் வழுக்கி, கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. ஸ்கேன் எடுத்ததில் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது தெரிந்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு கரையும் வேகம் கட்டும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்களைச் சுற்றி நுண்ணிய கால்வாய்கள் உண்டு. எலும்பின் மேல் பாரம் ஏறினால் அது மயிரிழை அளவு வளையும், கால்வாய்களில் திரவம் ஓடும், அந்த ஓட்டத்தை உணர்ந்து செல்கள் ‘இங்கே கட்டு’ என்று செய்தி அனுப்பும். மெதுவான நடைக்கு அந்த வளைவு போதாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரி வயது 65 உள்ள பெண்களுக்குக் கண்காணிப்போடு எட்டு மாதம் கனமான எடைப் பயிற்சியும் குதித்து இறங்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம். அவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது.

அத்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் ஜிம் பயிற்சி அக்காவிடம் வெறும் கைக்கோலில் தொடங்கினார். இப்போது 15 கிலோ, அதாவது ஒரு குடம் தண்ணீரின் கனம், தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்குகிறார். இத்தனை நாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே செய்தவர், போன மாதம் தானாகவே “ஒரு பேன்ட் வாங்கணும், கூட வர்றியா?” என்றார்.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைப்பெண் கருப்பை எடுத்துப் போட்டார். “இது எடுத்துக்கங்கம்மா, ஒல்லியாக் காட்டும்.”

“யாருக்குக் காட்டணும்?” என்று அத்தை நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு அடுக்கில் கை நீட்டி மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை உருவினார். துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு டிரையல் ரூமுக்குள் போனார். திரைக்கு இந்தப் பக்கம் நான் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து எண்ணுகிற சத்தம் கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

“கீழ உக்காந்தா இழுக்கல,” என்று திரையை விலக்கினார். “இதுக்கே பில் போடச் சொல்லு.”